உறுதியா, குத்தகையா?

சனிக்கிழமை இரவு எட்டரை மணியிருக்கும். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நானா ஒருவரிடமிருந்து போன். “தம்பி, பில் வெள்ளையா வருது. உங்கட புரோகிராம் பிழைச்சிட்டுப் போல. கொஞ்சம் வந்து பாருங்களன்.” பிரின்டரில் லைட் எரிகிறதா என்று கேட்டேன், எரிகிறதாம். பேப்பர் வெளியே வருகிறதா, வருகிறதாம். எழுத்துத்தான் இல்லை. கல்லடியிலிருந்து கல்முனை 40 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால், கடைப் பையன் பேப்பர் ரோலை மறுபக்கமாகப் போட்டிருந்தான். தேர்மல் பேப்பரில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் சூடு பட்டால் கறுக்கும் பூச்சு இருக்கும். மற்றப் பக்கத்தை எவ்வளவு சுட்டாலும் வெள்ளைதான். நகத்தால் கீறிக் காட்டினேன், பூச்சுள்ள பக்கத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. ரோலைத் திருப்பிப் போட்டேன். பில் வந்தது, பின்னாலேயே பிளேன்டீயும் வந்தது. பெற்றோல் காசு பற்றி நானும் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த மென்பொருளை அவர் என்னிடம் வாங்கியது 2018இல், 25,000 ரூபாய்க்கு. அந்த 25,000 ரூபாய்க்குள்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தன. இதில் நானாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. “ஒருக்காக் காசக் கட்டினாச் சரி, மறுகா ஒரு சதமும் தேவையில்ல” என்று விற்கும்போது வாய் கூசாமல் சொன்னது நான்தான்.

தனி ஆளாக மென்பொருள் செய்து விற்கிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் வந்து முட்டுகிற இடம் இது. ஒரே தடவையில் விலை வாங்கிவிட்டு விடுவதா, மாதத்துக்கோ வருடத்துக்கோ சந்தா வாங்குவதா? பேச்சு பெரும்பாலும் நேர்மை, பேராசை என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே சுற்றி நின்றுவிடுகிறது. சந்தா கேட்பவன் பேராசைக்காரன், ஒரு தடவை விற்பவன் நல்லவன். எனக்கு அப்படித் தெரியவில்லை. செலவு எந்தத் தாளத்தில் வருகிறதோ அந்தத் தாளத்தில் வரவும் வர வேண்டும், அதோடு வாங்குகிறவர் கையில் எப்போது காசு புழங்குகிறதோ அப்போது கேட்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த இரண்டாவது விஷயத்தில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம்.

காணிக் கணக்கில் சொன்னால் ஒன்று உறுதி, மற்றது குத்தகை. உறுதி முடித்துவிட்டால் காணி வாங்கினவருக்கு. குத்தகை என்றால் காலம் முடிந்ததும் விட்டு வெளியேறிவிட வேண்டும். படுவான்கரையில் வயல் வைத்திருக்கிற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. விற்ற காணிக்கு வேலி அடைக்க, விற்றவனை யாரும் கூப்பிடுவதில்லை. மென்பொருளில் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் காணி அசையாது, மென்பொருள் நிற்கிற தரை அசைந்துகொண்டே இருக்கும்.

அந்த அசைவை என் சொந்தப் புத்தகத்திலிருந்தே காட்டுகிறேன். 2022 தொடக்கத்தில் பெறுமதி சேர் வரி, அதுதான் வற், 8 வீதம். அதே வருடம் ஜூனில் 12 ஆனது, செப்டெம்பரில் 15 ஆனது, 2024 ஜனவரியில் 18 ஆனது. இருபது மாதத்துக்குள் மூன்று தடவை. வற் பதிவுள்ள மொத்த வியாபாரி ஒருவருக்குச் செய்து கொடுத்த புரோகிராமில் நான் அந்த 8ஐக் கோடிங்குக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன், ஓரிடத்தில் இல்லை, ஏழிடத்தில். என் சோம்பலுக்குத் தண்டனையாக மூன்று தடவை போய்த் திருத்தினேன். மூன்றாம் தடவைதான் அதை செட்டிங்ஸில் ஒரு பெட்டியாக வைத்தேன். ஆனால் நன்றாக எழுதப்பட்ட மென்பொருளுக்கும் தரை அசையும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்தியது, விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரில். கூகுள் பிளேயில் அப் வைத்திருப்பவர் வருடாவருடம் புதிய அன்ட்ரொய்ட் பதிப்புக்கு ஏற்றபடி அதைத் திருத்தித் தர வேண்டும். விட்டால் புதிய போன் வாங்குகிறவர்களின் கண்ணில் அந்த அப் படாது. கோடிங்கில் ஒரு வரிகூடப் புதிதாகச் சேர்க்காவிட்டாலும், இருந்த இடத்தில் நிற்பதற்கே வேலை இருக்கிறது.

அந்த வேலைக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஒரு தடவை விலையில், புதிதாக வாங்குகிறவர் கொடுக்கிறார். அதாவது நானாவின் ஞாயிற்றுக்கிழமைக்கு, இந்த மாதம் புதிதாக வந்து சேரும் இன்னொரு கடைக்காரரின் காசில் பெற்றோல் அடிக்கிறேன். புதிய கடைகள் வந்துகொண்டிருக்கும் வரை இது தெரியாது.

ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு பில்லிங் மென்பொருள் 30,000 ரூபாய். முதல் வருடம் 40 கடை, 12 இலட்சம். தலைகால் புரியாது. இரண்டாம் வருடம் 25 கடை, ஏழரை இலட்சம். மூன்றாம் வருடம் 10 கடை, மூன்று இலட்சம். ஏன் குறைகிறது? காத்தான்குடியிலும் கல்முனையிலும் கடைகள் நிறைய இருந்தாலும், கம்பியூட்டரில் பில் போடத் தயாராக இருக்கிற, உங்களைத் தெரிந்த, உங்களை நம்புகிற கடைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கேட்க வேண்டியவர்கள் எல்லோரிடமும் கேட்டு முடிந்துவிடும். ஆனால் போன் எடுக்கிற கடைகளைப் பாருங்கள்: முதல் வருடம் 40, மூன்றாம் வருடம் 75. வரவு கால்வாசியாகிவிட்டது, போன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. இந்த இடத்தில்தான் பெடியன்கள் ஆளையே காணாமல் போய்விடுகிறார்கள். கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது என்பார்கள், கட்டாருக்குப் போய்விட்டார் என்பார்கள். கடைக்காரர் கையில் மென்பொருள் இருக்கும், கேட்க ஆள் இருக்காது.

இன்னொரு குத்து 2022இல் விழுந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள், மே மாதமளவில் 360. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு நின்றது. 2018இல் வாங்கிய 25,000 ரூபாய் அன்றே செலவாகிவிட்டது. அதற்குக் கொடுத்த வாக்கு மட்டும் 2022இன் பெற்றோல் விலையில் என் தலையில் இருந்தது, அதுவும் பெற்றோலுக்கு வரிசையில் நிற்க வேண்டிய காலத்தில். ஆயுள் முழுக்க இலவச சேவை என்று ரூபாயில் வாக்குக் கொடுப்பவர் தன்னை அறியாமலே நாணய மாற்று வீதத்தின் மேல் பந்தயம் கட்டுகிறார்.

பெரிய கம்பனிகள் இதே சுவரில் முட்டித்தான் சந்தாவுக்குத் திரும்பின, அவர்களுக்குப் பெற்றோல் கவலை இல்லை என்பது தவிர. அடோபி நிறுவனம் 2013 மே மாதத்தில், போட்டோஷொப் அடங்கிய சீஎஸ்6 தொகுதிதான் பெட்டியில் விற்கிற கடைசிப் பதிப்பு, இனி எல்லாம் சந்தா என்று அறிவித்தது. அப்போது போட்டோஷொப் தனியாக 699 டொலர். அதே வருடம் படம் பிடிப்பவர்களுக்கென்று மாதம் 9.99 டொலருக்கு ஒரு திட்டம் வந்தது. வகுத்துப் பார்த்தால் 70 மாதம், கிட்டத்தட்ட ஆறு வருடம் கட்டினால்தான் பழைய விலை வரும். பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டிருந்தவருக்குச் சந்தா நட்டமில்லை. ஒரே பதிப்பைப் பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவருக்குத்தான் வயிற்றெரிச்சல். எங்கள் பக்க ஸ்டூடியோக்களில் ஓடிய போட்டோஷொப்புக்கு யாரும் 699 டொலர் கொடுக்கவில்லை என்பது வேறு கதை. சீடீக் கடையில் நூறு இருநூறு ரூபாய்க்கு எடுத்த சரக்கு அது. மென்பொருள் என்றால் சீடீ விலை என்கிற எண்ணம் நம் ஆட்களின் தலையில் அங்கிருந்துதான் ஏறியது, இன்னும் முழுசாக இறங்கவில்லை.

சிறியவர்களைச் சந்தாவை நோக்கித் தள்ளியதில் அப் கடைகளுக்கும் பங்கு உண்டு. ஆப்பிளின் கடை 2008இல் திறந்தது. பெட்டி மென்பொருள் காலத்தில், பழைய வாடிக்கையாளருக்குப் புதிய பதிப்பைச் சலுகை விலையில் விற்பது வழக்கம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அப்படி வரும் காசில்தான் சிறு கம்பனிகள் பிழைத்தன. ஆப்பிள் கடையில் அதற்கென்று வழியே வைக்கவில்லை. ஒன்றில் அப்டேட்டை இலவசமாகக் கொடு, இல்லையென்றால் புதிய அப்பாகப் போட்டு எல்லோரிடமும் முழு விலை கேள். பிறகு 2016இல், எந்த வகை அப்பும் சந்தா வாங்கலாம், ஒரு வாடிக்கையாளர் ஒரு வருடம் தாண்டினால் எங்கள் கமிஷன் 30 வீதத்திலிருந்து 15 ஆகும் என்றார்கள். அடுத்த வருடமே யூலிசிஸ் என்கிற எழுத்துச் செயலி சந்தாவுக்கு மாறியது, அதன் பின்னால் பலர் வந்தார்கள். இப்போது, வருடம் பத்து இலட்சம் டொலருக்குள் விற்பவர்களுக்கு ஆப்பிள் 2021 ஜனவரியிலிருந்தே 15 வீதம்தான் எடுக்கிறது. கூகுளும் அதே வருடம் ஜூலையிலிருந்து முதல் பத்து இலட்சத்துக்கு 15 என்று இறங்கி வந்தது. ஆக இன்றைக்கு எங்களைப் போன்ற சிறியவர்களுக்குக் கமிஷனைக் காரணம் காட்டிச் சந்தாவுக்குப் போகத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், அப் போடுகிற கணக்குக்கு எங்களிடம் காசு வாங்குவதில் இந்த இரண்டு கடைகளும் இரண்டு கட்சி: கூகுள் வாசலில் ஒரே தடவை 25 டொலர், ஆப்பிள் வருடத்துக்கு 99 டொலர். 2022இல் அந்த 99 டொலர் நாலைந்து மாதத்துக்குள் 20,000 ரூபாயிலிருந்து 35,000க்கு மேலே போனபோது, சந்தா கட்டுகிறவரின் மனநிலை எனக்கும் நன்றாக விளங்கியது.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் மாதச் சந்தா ஆக்கிவிடலாமா? தாளில் அழகாக வரும். மாதம் 1,500 ரூபாய் என்று வையுங்கள். மாதத்துக்கு 5 வீதம் பேர் விலகிப் போகிறார்கள் என்றால் ஒருவர் சராசரியாக 20 மாதம் இருப்பார், மொத்தம் 30,000 ரூபாய். ஒரு தடவை விலைக்குச் சரிசமம். விலகல் 3 வீதமாகக் குறைந்தால் 33 மாதம், 50,000 ரூபாய். 10 வீதமாகக் கூடினால் 10 மாதம், வெறும் 15,000. சந்தாவில் உங்கள் விலை என்பது நீங்கள் சொல்லும் எண் இல்லை, ஆட்கள் எவ்வளவு காலம் தங்குகிறார்கள் என்பதுதான். மாதம் 5 வீதம் என்பது கேட்கச் சின்ன எண் போல இருக்கும். வருட முடிவில் நூறு பேரில் 54 பேர்தான் மிஞ்சுவார்கள்.

எங்கள் ஊரில் அந்த விலகல் எதனால் வருகிறது என்பதை நான் ஒரு அரிசி ஆலையில்தான் கற்றேன்.

சம்மாந்துறைப் பக்கம் அது. நெல் கொள்வனவு, உலர்த்தல், அரிசி விற்பனை எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்க ஒரு புரோகிராம், மாதம் 3,000 ரூபாய். பெப்ரவரி, மார்ச்சில் போன் எடுக்கும் முன்னே காசு வந்தது. மே மாதம் ஒரு கிழமை பிந்தியது. ஜூனில் “தம்பி, கொஞ்சம் பொறுங்க” என்றார்கள். ஜூலையில் போனே எடுக்கவில்லை. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன், கோபமும் வந்தது. செப்டெம்பரில் அவர்களே கூப்பிட்டு நாலு மாதக் காசையும் ஒன்றாக வைத்தார்கள்.

வயல் தெரிந்தவருக்கு இது முதல் நாளே விளங்கியிருக்கும். பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு விதைத்து, தை கடைசியிலிருந்து பங்குனி வரை வெட்டுவது. சிறுபோகம் சித்திரையை ஒட்டி விதைத்து ஆவணி, புரட்டாதியில் வெட்டுவது, அதுவும் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களில்தான். மட்டக்களப்பில் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று குளத்தைப் பார்த்து இருக்க வேண்டும், அம்பாறைப் பக்கத்துக்குச் சேனாநாயக்க சமுத்திரம். வருடத்தில் இரண்டு தடவைதான் கையில் காசு. ஆலைக்காரருக்கு மட்டுமில்லை, உரக்கடைக்காரருக்கும் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைக்காரருக்கும் அதே கதைதான், ஏனென்றால் அவர்கள் கடனுக்குக் கொடுத்தது வெட்டு முடிந்த பிறகுதான் திரும்பி வரும். நகைக்கடையில்கூட அடகு மீட்கிற மாதம் எது என்று கேட்டுப் பாருங்கள். இந்தப் பொருளாதாரத்தில் போய் ஒன்றாம் திகதி என்று நிற்பது, சம்பளக்காரர்களின் உலகத்தில் செய்த சட்டையை அளவெடுக்காமல் இங்கே கொண்டுவந்து போடுகிற வேலை. அந்த ஆலைக்கு இப்போது போகத்துக்கு 18,000, வருடத்துக்கு இரண்டு பில். தொகை அதேதான், மாதம் 3,000 தான். பிந்தவே இல்லை.

மாதக் கட்டணம் என்ற சொல்லுக்கே இங்கே ஒரு கெட்ட வாசம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முச்சக்கர வண்டி லீசிங், மோட்டார் சைக்கிள் லீசிங், நுண்கடன் என்று கிழமைக்கிழமை, மாதாமாதம் வாசலில் வந்து நின்றவர்களை இந்த மாவட்டங்கள் நிறையப் பார்த்துவிட்டன. “மாதம் 1,500 தான்” என்று நான் சொல்லும்போது கேட்பவரின் காதில் “தவறினால் தூக்கிக்கொண்டு போவோம்” என்பதும் சேர்த்தே விழுகிறது. ஒருவர் நேரடியாகவே கேட்டார்: “கட்டாட்டி என்ட கணக்கப் பூட்டிருவீங்களா தம்பி?”

அந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே பதில் இருக்க வேண்டும். கடைக்காரரின் மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது? யார் எவ்வளவு கடன் என்கிற கடன் கொப்பி இருக்கிறது. அது என்னுடையதில்லை. சந்தா தவறினால் புதிய பில் போடுவதை நிறுத்தலாம், அப்டேட்டை நிறுத்தலாம். பழையதைப் பார்ப்பதையும், எக்செல் கோப்பாக எடுப்பதையும் நிறுத்தக் கூடாது. இதை நான் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை, கடன் கொப்பியைப் பூட்டி வைத்திருக்கிற ஆள் என்று சந்தைக்குள் ஒரு பேச்சுக் கிளம்பினால் அதோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். அதேபோல, லைசன்ஸைச் சரிபார்க்கத் தினமும் இணையத்தைக் கேட்கிற புரோகிராமை இங்கே விற்காதீர்கள். மாரிக்குள் வெள்ளம் ஏறி லைன் போனால் நாலைந்து நாளைக்கு வராத இடங்கள் இருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. என் புரோகிராம் இணையம் இல்லாமல் 30 நாள் பேசாமல் ஓடும், அதன் பிறகுதான் கேள்வி கேட்கும்.

காசு வந்து சேரும் குழாயும் விலையைத் தீர்மானிக்கிறது. உள்ளூரில் கடைக்காரர் தன் கார்ட் இலக்கத்தைக் கொடுத்து மாதாமாதம் தானாக எடுத்துக்கொள் என்று விடமாட்டார். பேங்க் அப்பில் மாற்றுவார், அல்லது நேரில் எண்ணித் தருவார். ஆகவே மாதச் சந்தா என்றால் 75 கடைக்கு மாதம் 75 தடவை ஞாபகமூட்ட வேண்டும். அது மென்பொருள் வேலை இல்லை, சீட்டுக்காசு சேர்க்கிற வேலை.

வெளிநாட்டுக்கு விற்பவருக்குக் குழாய் வேறு மாதிரி அடைக்கிறது. இலங்கையிலிருந்து பேபாலில் காசு கட்டலாம், வாங்க முடியாது என்பது வருடக்கணக்காகப் பழகிப்போன குறை. கார்ட்டில் காசு வாங்கித் தருகிற ஸ்ட்ரைப் இங்கே இல்லை. அதனால் பலர் பெடில், கம்ரோட் போல, தாங்களே விற்பனையாளராக நின்று, அந்தந்த நாட்டு வரியையும் கட்டி, மிச்சத்தை அனுப்புகிற இடைத்தரகு நிறுவனங்களிடம் போகிறார்கள். பெடில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் 5 வீதமும் 50 சதமும் எடுக்கிறது. அந்த 50 சதத்தைக் கவனியுங்கள். மாதம் 3 டொலர் சந்தா என்றால் ஒவ்வொரு தடவையும் 65 சதம் போகிறது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வருடத்துக்கு 7 டொலர் 80 சதம். அதே 36 டொலரை வருடத்துக்கு ஒரே தடவையாக வாங்கினால் போவது 2 டொலர் 30 சதம்தான். மலிவான மாதச் சந்தா போடுகிற தனி ஆள் தன் வருமானத்தில் பெரும் துண்டைத் தரகருக்கு வெட்டிக் கொடுக்கிறார். சின்னப் பொருளென்றால் வருடக் கட்டணம், அல்லது ஒரே விலை. மாதச் சந்தா வேண்டவே வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, நாலைந்து பேர் முயன்று பார்த்துமிருக்கிறார்கள். எனக்கு அதிகம் பிடித்தது ஜெட்பிரெயின்ஸ் கம்பனியின் கதை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கருவிகள் செய்பவர்கள். 2015 செப்டெம்பரில், இனி எல்லாம் சந்தாதான், நிறுத்தினால் கருவியும் நிற்கும் என்று அறிவித்தார்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் புரோகிராமர்கள், சும்மா இருப்பார்களா? கிளம்பிய சத்தத்தில் அதே மாதத்துக்குள் திட்டத்தைத் திருத்தினார்கள். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டினால், அந்தப் பன்னிரண்டு மாதத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பு உனக்கே சொந்தம், பிறகு சந்தாவை விட்டாலும் அது ஓடும். குத்தகை கட்டிக் கட்டி, ஒரு துண்டுக் காணிக்கு உறுதியும் கையில் வந்துவிடுகிற மாதிரி. புரோகிராம் எழுத உதவும் சப்லைம் டெக்ஸ்ட் என்கிற செயலி மறுபக்கத்திலிருந்து வருகிறது: 99 டொலருக்கு ஒரே விலை, மூன்று வருடத்துக்கு அப்டேட். மூன்று வருடம் முடிந்தாலும் கையிலிருக்கிற பதிப்பு நிற்காது, புதியது வேண்டுமென்றால் மட்டும் திரும்பக் கட்டு. இரண்டிலும் ஒரே தெளிவு இருக்கிறது: பொருளுக்கு ஒரு விலை, அதைத் தொடர்ந்து பராமரிப்பதற்கு ஒரு விலை, இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை.

நான் 2018இல் செய்த பிழை அந்தக் குழப்பம்தான். நானா வாங்கியது மென்பொருளை என்று நான் நினைத்தேன். அவர் வாங்கியது என்னை. இங்கே யாரும் பெட்டியைப் பார்த்து வாங்குவதில்லை, “அந்தத் தம்பி நல்ல பெடியன், கூப்பிட்டா வருவான்” என்றுதான் வாங்குகிறார்கள். என் போன் இலக்கம்தான் விற்பனைப் பொருள், மென்பொருள் அதற்குப் போட்ட உறை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு விலையைப் பிரிப்பது சுகமாகிவிட்டது. இப்போது புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: மென்பொருளுக்கு 30,000, அது என்றைக்கும் உங்களுடையது, முதல் வருடம் எல்லாச் சேவையும் அதற்குள். இரண்டாம் வருடத்திலிருந்து வருடம் 9,000 கட்டினால் போன், அப்டேட், வரி மாற்றம், நேரில் இரண்டு தடவை வருகை. கட்டாவிட்டாலும் மென்பொருள் ஓடும், நான் வரும்போது தனியாகக் காசு.

முன்னே போட்ட கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். மூன்றாம் வருடத்தில் 65 பழைய கடைகள். எல்லோரும் கட்டமாட்டார்கள், 45 பேர் என்று வையுங்கள், நாலு இலட்சத்து ஐயாயிரம். புதிய பத்துக் கடையின் மூன்று இலட்சத்தோடு ஏழு இலட்சத்து ஐயாயிரம். பெரிய பணக்காரனாக முடியாது. கட்டாருக்குப் போகாமல் இருக்கலாம். சேர்வரில் ஓடுகிற, எஸ்எம்எஸ் அனுப்புகிற புரோகிராம் என்றால் இது போதாது. அங்கே எனக்கே மாதாமாதம் பில் வருகிறது, அதற்குச் சந்தாதான் சரி, ஒரு தடவை விலை சொல்பவர் ஒன்றில் கணக்குத் தெரியாதவர், இல்லை ஓடப் போகிறவர். மாறாக, ஒரு தமிழ்ப் பஞ்சாங்க அப், பிள்ளைகளுக்கான எழுத்துப் பயிற்சி அப் போல இணையமே தேவைப்படாத சின்னப் பொருளுக்குச் சந்தா கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

வருடக் காசை முன்கூட்டி வாங்குவதிலும் ஒரு பொறி உண்டு. 2023 ஜனவரியில் ட்விட்டர் தன் வாசலைத் திடீரென்று அடைத்தபோது, ட்விட்டரைப் படிக்க வெளியார் செய்த ட்வீட்பொட் போன்ற அப்கள் ஒரே இரவில் செத்தன. அதே வருடம் ஜூன் 30இல் ரெடிட் என்கிற உரையாடல் தளத்தைப் படிக்க உதவிய அப்பொலோ என்கிற அப் மூடப்பட்டது, ரெடிட் கேட்ட கட்டணம் கட்டுபடியாகவில்லை. வருடச் சந்தா கட்டியிருந்தவர்களுக்கு மிச்ச மாதங்களின் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பொலோவைத் தனி ஆளாகச் செய்தவர் அதற்கு இரண்டரை இலட்சம் டொலரளவு வரும் என்று சொன்னார். பன்னிரண்டு மாதக் காசை ஒன்றாக வாங்கினால் முதல் மாதம் உங்களுடையது பன்னிரண்டில் ஒன்றுதான், மிச்சம் முற்பணம். விளைச்சலுக்கு முன்னே முற்பணம் வாங்கியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு, அது எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். என் 9,000 ரூபாய்களை நான் தனிக் கணக்கில் போட்டு, மாதத்துக்கு 750 என்று எடுக்கிறேன். எப்போதும் முடிவதில்லை, ஆனாலும் முயல்கிறேன்.

கஷ்டம் புதியவர்களில் இல்லை, பழையவர்களில்தான். ஒரு சதமும் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, ஏழு வருடம் கழித்து எந்த முகத்தோடு கேட்பது? பழைய வாக்கை நான் மீறவில்லை. மென்பொருள் அப்படியே ஓடட்டும், விண்டோஸ் மாற்றித் தருவதும் நேரில் வருவதும் மட்டும் இனி வருடக் கட்டணத்துக்குள் என்று ஒவ்வொருவரிடமும் நேரிலேயே போய்ச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டு பேர் விட்டுவிட்டார்கள், ஒருவர் திரும்பி வந்தார்.

கடைசியாகத்தான் கல்முனைக்குப் போனேன். நானா முழுவதையும் கேட்டார். கல்லாவுக்குப் பின்னால் இருந்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப அந்தப் பேப்பர் ரோல் போட்டுத் தாறதும் இதுக்குள்ளயா?”

“அது போன்லயே சொல்லித் தாறன் நானா. நகத்தால கீறிப் பாக்கச் சொல்லுங்க.”

சிரித்துவிட்டு லாச்சியை இழுத்து ஒன்பது ஆயிரம் ரூபாய்த் தாள்களை எண்ணி வைத்தார். ரசீது வேண்டுமென்று பையனை என் மென்பொருளிலேயே அடிக்கச் சொன்னார். கறுப்பாகத்தான் வந்தது.